சென்னையில் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய் சிகிச்சை: எந்த உதவியை யாரிடம் கேட்பது?

நீங்கள் எழுதியிருந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அக்காவுக்கு 46 வயது. இடது மார்பகத்தை எடுத்தாயிற்று. அடுத்த வாரம் அடையாறில் கீமோ ஆரம்பம். ஊர் விழுப்புரம் பக்கம், மாமாவுக்குக் கொத்தனார் வேலை, பிள்ளைகள் இரண்டு பேரும் படிக்கிறார்கள். சென்னையில் மார்பகப் புற்றுநோய்க்கு உதவும் தொண்டு நிறுவனங்களின் பட்டியல் வேண்டும், அவர்களை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நடுவில் ஒரு வரி வருகிறது: "ஆபரேஷன் முடிந்து வந்ததிலிருந்து அக்கா பீரோ கண்ணாடியைத் துண்டு போட்டு மூடி வைத்திருக்கிறார், யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை." பணத்துக்கும் தங்குவதற்கும் வழி தேடுவது ஒரு கேள்வி. அந்தத் துண்டு இன்னொரு கேள்வி. இரண்டுக்கும் உதவி இருக்கிறது, ஆனால் அவை பெரும்பாலும் வேறு வேறு இடங்களில் இருக்கின்றன. அதனால்தான் வெறும் பட்டியல் கொடுத்தால் உங்களுக்குப் பயன்படாது என்று நினைக்கிறேன்.

நான் மருத்துவர் இல்லை. மருத்துவ சமூகப் பணி படித்து, சென்னையில் பதினேழு வருடமாகப் புற்றுநோய் வார்டுகளில் வேலை பார்க்கிறேன். எந்த மருந்து, எத்தனை தவணை, ரேடியேஷன் வேண்டுமா வேண்டாமா என்பதெல்லாம் அக்காவின் மருத்துவர் சொல்ல வேண்டியவை, அதில் நான் வாய் திறக்க மாட்டேன். மருந்து ஏறும் நாளுக்கும் அடுத்து ஏறும் நாளுக்கும் நடுவே ஒரு குடும்பம் என்ன பாடுபடுகிறது, அதை யார் எப்படிக் குறைக்க முடியும் என்பதுதான் எனக்குத் தெரிந்த விஷயம்.

முதலில் பணம். சிகிச்சைச் செலவுக்கு முதல் கதவு தொண்டு நிறுவனம் இல்லை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் வருடத்துக்கு 5 லட்சம் வரை அதில் வரும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றும் எடுத்துக்கொண்டு விழுப்புரம் கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போனால் பதிந்து தருவார்கள். நோயாளி நேரில் வர முடியாத நிலை என்றால் அதையும் அங்கேயே சொல்லி என்ன வழி என்று கேளுங்கள், வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். அட்டை கைக்கு வந்ததும் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கொடுத்து, அடுத்த கீமோவுக்கு முன்பே அனுமதி வாங்கிவிட வேண்டும். மருந்து ஏறிய பிறகு பில்லைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பெரும்பாலும் அந்தப் பணம் திரும்ப வராது. இந்த ஒரு விஷயம் தெரியாமல் முதல் இரண்டு தவணைக்குத் தாலிக்கொடியை அடகு வைத்த குடும்பங்கள் எனக்குத் தெரிந்தே நிறைய உண்டு.

வருமான வரம்பைக் கொஞ்சம் தாண்டிவிட்டால் அரசு மருத்துவமனை இருக்கிறது. சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ராயப்பேட்டை அரசு மருத்துவமனை, காஞ்சிபுரம் பக்கம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை, எல்லாவற்றிலும் கீமோவும் ரேடியேஷனும் உண்டு. அடையாறு புற்றுநோய் நிறுவனமே அடிப்படையில் ஒரு தொண்டு அமைப்புதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி இந்திய மாதர் சங்கத்தின் பெயரில் 1954-ல் தொடங்கியது. 12 படுக்கையோடு ஆரம்பித்த இடம், பிறகு டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் வாழ்நாள் முழுக்க உழைத்து வளர்த்தார்கள். காசில்லை என்றால் அதை மறைக்காமல் சொல்ல வேண்டிய இடம் இது மாதிரியானது. மருத்துவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் சமூகப் பணியாளர் எங்கே உட்காருகிறார் என்று விசாரியுங்கள். பெரும்பாலான பெரிய மருத்துவமனைகளில் ஒருவராவது இருப்பார்.

அப்புறம்தான் தொண்டு நிறுவனங்கள். 1951-ல் மும்பையில் தொடங்கிய இந்தியன் கேன்சர் சொசைட்டி மாதிரி பெரிய அமைப்புகளிடம் சிகிச்சைக்கென்று நிதி உண்டு. ஆனால் எந்த ஒழுங்கான அமைப்பும் நோயாளி கையில் ரொக்கம் தராது. காசோலை மருத்துவமனை பெயரில்தான் வரும். விண்ணப்பமும் பெரும்பாலும் மருத்துவமனை வழியாகவே போக வேண்டும். அதற்குக் கேட்கும் முதல் காகிதம் செலவு மதிப்பீட்டுக் கடிதம், மருத்துவமனைத் தாளில் முத்திரையோடு. அதோடு பயாப்ஸி ரிப்போர்ட், ஆபரேஷன் விவரம், ஆதார், ரேஷன் கார்டு, வருமானச் சான்று. ஒவ்வொன்றிலும் ஆறு ஜெராக்ஸ் எடுத்து ஒரே பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரிஜினலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். ஒரு நாற்பது பக்க நோட்டும் போடுங்கள்: எந்தத் தேதி, யாரைப் பார்த்தோம், என்ன சொன்னார்கள், மறுபடி எப்போது வரச் சொன்னார்கள். இரண்டு மாதம் கழித்து அந்த நோட்டுதான் உங்களைக் காப்பாற்றும்.

கேட்கிற விதமும் முக்கியம். "ஏதாவது உதவி பண்ணுங்க" என்று போனால், மனசு இருந்தாலும் எதிரில் இருப்பவருக்கு என்ன செய்வதென்று தெரியாது. "வாரா வாரம் போடும் மருந்துக்கு 12 வாரம் வரணும், அந்த நாட்களில் இரண்டு பேர் தங்க இடம் வேண்டும்" என்று கேட்டுப் பாருங்கள், அங்கேயே இரண்டு போன் போவதைப் பார்ப்பீர்கள். சென்னையில் ஒரு அறக்கட்டளை தங்க இடம் தரும், ஒன்று சாப்பாடு தரும், ஒன்று ஸ்கேன் செலவு பார்க்கும், ஒன்று பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் கட்டும். எல்லாம் சேர்த்துத் தரும் இடம் என்று ஒன்றை நான் பார்த்ததில்லை. ஹெர்-2 பாசிட்டிவ் (ஹெர்-2 என்ற புரதம் அதிகமாக இருக்கும் வகை) என்று ரிப்போர்ட்டில் இருந்தால் மட்டும் கணக்கே மாறும், ஏனென்றால் அதற்கான ஊசி ஏறத்தாழ ஒரு வருடம் போட வேண்டியது. 2014 வாக்கில் இந்தியாவில் தயாரான மாற்று மருந்துகள் வந்த பிறகு விலை குறைந்திருக்கிறது, என்றாலும் கொத்தனார் கூலிக்கு அது மலைதான். அந்த ஊசி தேவையா, காப்பீட்டில் வருமா, மருந்துக் கம்பெனியின் உதவித் திட்டம் உண்டா என்ற மூன்றையும் முதல் கீமோ அன்றே கேட்டுவிடுங்கள்.

தங்குவதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், ஏனென்றால் வெளியூர்க் குடும்பம் பாதியில் சிகிச்சையை விடுவது பெரும்பாலும் மருந்துச் செலவால் இல்லை, வந்து போகிற செலவாலும் அலைச்சலாலும்தான். மூன்று வாரத்துக்கு ஒருமுறை வருகிற கீமோ என்றால் ஊரிலிருந்தே வந்து போகலாம். வாரா வாரம் என்றால் கஷ்டம். ரேடியேஷன் என்றால் திங்கள் முதல் வெள்ளி வரை தினமும், மூன்று வாரமோ ஐந்து வாரமோ. நம் ஆட்கள் 'கரண்ட் வைக்கிறது' என்பார்களே, அதுதான். ஒரு நாளைக்குச் சில நிமிட வேலைக்கு விழுப்புரத்திலிருந்து தினமும் வர முடியாது. அடையாறில் ஸ்ரீ மாதா டிரஸ்ட் இப்படி வெளியிலிருந்து வந்து சிகிச்சை எடுக்கும் ஏழை நோயாளிகளுக்கும் கூட வருபவருக்கும் தங்க இடமும் சாப்பாடும் தருகிறது. மருத்துவமனைக் கடிதம் இருந்தால்தான் சேர்ப்பார்கள், இடம் கிடைக்கக் காத்திருக்கவும் நேரலாம். அதனால் ரேடியேஷன் தேதி குறித்த அன்றைக்குப் போகாமல், கீமோ நடக்கும்போதே பெயர் கொடுத்து வையுங்கள். மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் தினவாடகைக்கு அறை விடும் வீடுகளும் உண்டு. எடுப்பதற்கு முன் கழிப்பறை எந்தப் பக்கம், எத்தனை படி ஏற வேண்டும், கஞ்சி வைக்க விடுவார்களா என்று பாருங்கள். கீமோ ஏறிய மூன்றாவது நாள் ராத்திரி மாடிப்படி இறங்கிப் பொதுக் கழிப்பறைக்குப் போவது சாதாரண விஷயம் இல்லை.

பயணத்துக்கு: சிகிச்சைக்காகப் போகும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணமே இல்லை, கூடப் போகும் ஒருவருக்கு அதில் முக்கால் பங்கு தள்ளுபடி. இரண்டாம் வகுப்பில் இரண்டு பேருக்குமே முக்கால் பங்கு. மருத்துவமனையில் அதற்கென்று உள்ள படிவத்தில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி ஸ்டேஷன் கவுன்ட்டரில் கொடுக்க வேண்டும். சென்னைக்குள் சாதாரண கட்டண மாநகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. ஆனால் கீமோ முடிந்து திரும்பும்போது மட்டும் நெரிசல் பேருந்து வேண்டாம், ஆட்டோ வையுங்கள். தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் குறையும் நாட்கள் அதற்குப் பின்னால் வருகின்றன. அந்தச் சமயத்தில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், நள்ளிரவானாலும், பாராசிட்டமால் போட்டுக் காலை வரை பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது, உடனே மருத்துவமனை. வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வையுங்கள். ஊரில் இருக்கும்போது அப்படி வந்தால் எங்கே தூக்கிக்கொண்டு போவது என்பதை இப்போதே மருத்துவரிடம் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

நம்பலாமா என்று கேட்டீர்கள். பதிவு செய்த அறக்கட்டளையா, வருமான வரித்துறையின் வரிச்சலுகைப் பதிவுகளான 12ஏ, 80ஜி இருக்கின்றனவா என்று தயங்காமல் கேட்கலாம். நல்ல அமைப்பு கோபப்படாது. முன்பணம், பதிவுக் கட்டணம், "ஃபைல் நகர" ஏதாவது என்று யார் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். வங்கி விவரமும் ஓடிபியும் போனில் கேட்பவர் உதவ வந்தவர் இல்லை. இணையத்தில் நிதி திரட்டும் தளங்கள் உண்மையானவைதான், ஆனால் அவர்கள் எடுத்துக்கொள்ளும் கட்டணம் எவ்வளவு, பணம் மருத்துவமனைக்கு நேராகப் போகுமா என்று படித்துப் பார்த்துவிட்டு, அக்காவின் சம்மதத்தோடு மட்டும் போடுங்கள். சம்மதம் என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு அறக்கட்டளை, பெயர் வேண்டாம், நான் அனுப்பி வைத்த ஒரு பெண்ணுக்கு நிதி கொடுத்தது. கொடுத்ததைப் படம் எடுத்துப் போட்டார்கள். மொட்டைத் தலையோடு, ஒரு பெரிய அட்டைக் காசோலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படம். அவர் மகளுக்கு அப்போது வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஊரில் யாருக்கும் நோய் விஷயம் சொல்லவில்லை. அந்தப் படம் ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அன்றிலிருந்து உதவிக் கடிதம் எழுதும்போதெல்லாம் 'நோயாளியின் படமும் பெயரும் வெளியிட அனுமதி இல்லை' என்று ஒரு வரி சேர்க்கிறேன். நீங்களும் சேர்த்துவிடுங்கள். அதற்காக உதவியை நிறுத்தியவர்கள் இதுவரை யாரும் இல்லை.

இனி அந்தத் துண்டு. மார்பகம் எடுத்த பிறகு பெண்கள் எங்களிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் "பொழைச்சுப்பேனா" என்பதில்லை, "ஜாக்கெட் எப்படிப் போடறது" என்பதுதான். அதைச் சின்ன விஷயம் என்று வீட்டு ஆண்கள் நினைத்துவிடுகிறார்கள். கடையில் கிடைக்கும் சிலிக்கான் மார்பகம் சில ஆயிரம் ரூபாயிலிருந்து ஆரம்பிக்கிறது, வெயில் காலத்தில் வேர்க்கும். பருத்தி நூலில் கையால் பின்னிய மார்பகங்களை இலவசமாகவே தருகிறார்கள், மும்பையின் சாயிஷா இந்தியா ஃபவுண்டேஷன் அதற்காகவே இயங்கும் அமைப்பு. தையல் ஆறி, மருத்துவர் சரி என்ற பிறகுதான் எதையும் வைக்க வேண்டும். ரேடியேஷன் சமயத்தில் தோல் எரியும், அப்போது மெல்லிய பருத்தித் துணியைத் தவிர எதுவும் வேண்டாம்.

எங்கள் வார்டுக்கு வரும் ஒரு தன்னார்வலர் இருக்கிறார், அவருக்கும் இதே ஆபரேஷன் நடந்து பல வருடம் ஆகிவிட்டது. அவர் கைப்பையில் எப்போதும் ஒரு வெள்ளைப் பருத்திப் பை இருக்கும், உள்ளங்கையில் அடங்குகிற அளவு, மெல்லிய துணி. உள்ளே கடுகு. எடுத்த மார்பகத்துக்குப் பதிலாக ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொள்வதற்கு. ஓரத்தில் தைக்காமல் நாடா வைத்துக் கட்டியிருப்பார், துவைக்கும்போது கடுகைக் கொட்டிவிட்டுத் துவைப்பதற்கு. புது நோயாளியின் கட்டிலில் உட்கார்ந்து அதை எடுத்து அவர் கையில் வைப்பார். "கனம் பாருங்க" என்பார். பஞ்சை மட்டும் அடைத்தால் மேலே ஏறிக்கொள்ளும், கனம் இருந்தால்தான் இடத்தில் நிற்கும், தோளும் ஒரு பக்கமாகச் சாயாது. அப்புறம் தன் ஜாக்கெட்டில் எந்தப் பக்கம் கடுகுப் பை இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்வார். எத்தனையோ பேர் தப்பாகச் சொல்லிவிட்டு, ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பதினேழு வருடப் படிப்பையும் பயிற்சியையும் வைத்துக்கொண்டு என்னால் அந்த ஐந்து நிமிடத்தைச் செய்ய முடியாது. எனக்கு அந்த ஆபரேஷன் நடந்ததில்லை.

இப்படி வந்து பார்க்கும் வழக்கத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. நியூயார்க்கில் டெரீஸ் லாசர் என்ற பெண் தனக்கு மார்பகம் எடுத்த பிறகு, 1952 முதல் மற்ற நோயாளிகளை மருத்துவமனையிலேயே போய்ப் பார்க்க ஆரம்பித்தார். அந்த ஏற்பாட்டுக்கு ரீச் டு ரெகவரி என்று பெயர். அப்போது மருத்துவர்களுக்கே அது பிடிக்கவில்லை. இன்றைக்குப் பல நாடுகளில் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே அது ஆகியிருக்கிறது.

இதில் எது உறுதி, எது சந்தேகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நோயாளிகள் ஒன்றாக உட்கார்ந்து பேசும் ஆதரவுக் குழுவுக்குப் போனால் ஆயுள் கூடும் என்று யாராவது சொல்வார்கள். 1989-ல் அமெரிக்காவில் மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகல் வெளியிட்ட ஆய்வில், நோய் பரவிய நிலையில் இருந்த பெண்களில் குழுவுக்குப் போனவர்கள் ஏறத்தாழ இரண்டு மடங்கு காலம் உயிரோடு இருந்ததாக வந்தது. பெரிய நம்பிக்கை கொடுத்த ஆய்வு. ஆனால் 2001-ல் கனடாவில் 235 பெண்களை வைத்துச் செய்த ஆய்வில் ஆயுளில் வித்தியாசம் தெரியவில்லை. 2007-ல் ஸ்பீகலே மறுபடி செய்தபோதும் மொத்தத்தில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. ஆகவே ஆயுளுக்காக என்று அக்காவிடம் சொல்லாதீர்கள். நன்றாக நிற்பது வேறு ஒன்று: கனடா ஆய்விலேயே குழுவுக்குப் போன பெண்களுக்கு மனக்கஷ்டமும் வலியின் கடுமையும் குறைந்தன, அதிலும் ஆரம்பத்தில் ரொம்ப உடைந்திருந்தவர்களுக்குத்தான் அதிகப் பலன். அது போதும் என்பது என் அபிப்பிராயம்.

எல்லாருக்கும் குழு ஒத்துவராது என்பதும் உண்மை. சிலருக்குப் பக்கத்தில் இருப்பவரின் கதை பயத்தைக் கூட்டும். குழுவில் ஒருவர் இறந்துபோனால் மற்றவர்கள் நொறுங்கிப் போவார்கள். அப்படிப்பட்டவர்களுக்குத் தனியாக ஒரு ஆலோசகர் நல்லது. அடையாறு நிறுவனத்தில் புற்றுநோயாளிகளின் மனநலத்துக்கென்றே ஒரு துறை இருக்கிறது. ஊரில் இருக்கும்போது தூக்கமே இல்லாமல், சாப்பிடாமல், "நான் இருந்து என்ன" என்று பேச ஆரம்பித்தால் 14416 என்ற அரசின் டெலி மனஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அதற்கு மேல் போனால் மனநல மருத்துவர் வேண்டும். அதைக் கேவலமாக நினைக்க வேண்டாம், கீமோவுக்கு வாந்தி மாத்திரை தருகிற மாதிரிதான் இதுவும். மாமாவையும் ஒருமுறை கூட்டிக்கொண்டு போங்கள். நான் பார்த்த வரையில் கணவர்கள் ஒதுங்குவது பெரும்பாலும் வெறுப்பால் இல்லை, தொட்டால் வலிக்குமோ, தொற்றிக்கொள்ளுமோ என்ற பயத்தால். தொற்றாது. ஒரு நர்ஸ் அவர் எதிரில் அதைத் தெளிவாகச் சொன்னால் வீட்டில் நிறைய மாறும்.

முடி கொட்டும் என்று இதற்குள் சொல்லியிருப்பார்கள். சென்னையின் செரியன் ஃபவுண்டேஷன் தானமாக வந்த முடியில் விக் செய்து நோயாளிகளுக்குத் தருகிறது. கொட்ட ஆரம்பிக்கும் முன்பே கேட்டு வைத்தால் அளவு சரியாகக் கிடைக்கும். பலர் பருத்தித் துணியைக் கட்டிக்கொண்டே சமாளித்துவிடுகிறார்கள், வெயிலுக்கு அதுவே சுகம்.

கை விஷயத்தை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அக்குளில் நெறிக்கட்டிகளை முழுவதும் எடுத்திருந்தால் ஐந்தில் ஒருவருக்கு அந்தப் பக்கக் கை வீங்குகிறது. ஒன்றிரண்டு மட்டும் எடுத்துச் சோதித்திருந்தால் நூற்றில் ஐந்தாறு பேருக்குத்தான். அக்காவுக்கு எது செய்தார்கள் என்று டிஸ்சார்ஜ் காகிதத்தில் இருக்கும். முன்பெல்லாம் அந்தக் கையால் குடம் தூக்காதே, துணி பிழியாதே என்று சொல்லிப் பெண்களைப் பயமுறுத்தி வைத்திருந்தோம். நானும் சொல்லியிருக்கிறேன். 2009-ல் வந்த ஒரு நல்ல ஆய்வு, கொஞ்சம் கொஞ்சமாகக் கனம் கூட்டிச் செய்யும் உடற்பயிற்சி வீக்கத்தை மோசமாக்கவில்லை, அறிகுறிகளைக் குறைக்கவே செய்தது என்று காட்டியது. அந்தக் கையில் ஊசி போடக் கூடாது, பிரஷர் பார்க்கக் கூடாது என்பதற்கும் ஆதாரம் அவ்வளவு வலுவாக இல்லை. ஆனாலும் இன்னொரு கை இருக்கும்போது அதைப் பயன்படுத்துவதில் நஷ்டம் ஒன்றுமில்லை. சுவரில் விரல்களை நடத்தி மேலே ஏற்றும் பயிற்சி, தலைமுடி வாருவது, இவற்றை எப்போது தொடங்கலாம் என்று பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள். மோதிரமும் வளையலும் இறுக்கமாவது வீக்கத்தின் முதல் அடையாளம். அப்போதே காட்டினால் கட்டுப்படுத்திவிடலாம்.

வலி நிவாரணச் சிகிச்சை என்று யாராவது சொன்னால் பயந்துவிடாதீர்கள். கடைசிக் கட்டத்துக்கு மட்டும் உரியது என்று நம் ஊரில் ஒரு நினைப்பு. வலி, வாந்தி, தூக்கமின்மை எந்தக் கட்டத்தில் வந்தாலும் அவர்களிடம் போகலாம். சென்னையில் டீன் ஃபவுண்டேஷன், லட்சுமி பெயின் அண்ட் பாலியேட்டிவ் கேர் டிரஸ்ட் போன்றவை இதைத் தொண்டாகவே செய்கின்றன. மணலி அருகே மாத்தூரில் இருக்கும் ஜீவோதயா, வீட்டில் வைத்துப் பார்க்க முடியாத நிலைக்கு வந்த நோயாளிகளைக் காசு வாங்காமல் வைத்துப் பராமரிக்கிறது. அக்காவுக்கு அது தேவைப்படும் என்று நான் சொல்லவில்லை. இதைப் படிக்கும் வேறு யாருக்காவது பயன்படும். ஊரில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் வலி நிவாரணமும் தருகிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிய வேண்டும்.

இன்னொன்று, முள்சீத்தா இலைக் கஷாயம், அந்தப் பொடி, இந்த உருண்டை என்று வீடு தேடி வருவார்கள். புற்றுநோயைக் குணமாக்கும் என்று மனிதர்களிடம் நிரூபணமான இலை எதுவும் இல்லை. கீமோவோடு சேர்த்துக் குடித்தால் ஈரலுக்குக் கெடுதல் வரலாம். கொண்டு வருபவர் பாசத்தில்தான் கொண்டு வருவார், வாங்கி வைத்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டிவிட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிடுங்கள். அக்காவின் மகளும் உங்கள் மற்ற சகோதரிகளும் எப்போதிலிருந்து பரிசோதனை செய்ய வேண்டும், மரபணுச் சோதனை தேவையா என்பதை மட்டும் சிகிச்சை ஓய்ந்ததும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். நூற்றில் ஐந்து முதல் பத்து பேருக்குத்தான் இது குடும்பவழியாக வருகிறது.

எல்லாம் முடிந்த பிறகு ஒரு காலம் வரும், அதற்கும் தயாராக இருங்கள். கீமோ நடக்கும்போது எல்லாரும் சுற்றி இருப்பார்கள். ரேடியேஷன் முடிந்த மறுவாரம் "அதான் சரியாயிடுச்சே" என்று அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். நிறையப் பெண்கள் அப்போதுதான் அழ ஆரம்பிக்கிறார்கள். அப்போதுதான் மாத்திரையையும் விடுகிறார்கள். ஹார்மோன் பாசிட்டிவ் (உடம்பின் ஹார்மோனால் வளரும் வகை) என்றால் டாமாக்சிஃபென் மாதிரி ஒரு மாத்திரை ஐந்து வருடமோ பத்து வருடமோ தினமும். விலை ரொம்பக் குறைவு, ஆனால் உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கும், மூட்டு வலிக்கும், யாரும் கேட்கவும் மாட்டார்கள், நிறுத்திவிடுவார்கள். மாதம் ஒருமுறை போன் செய்து "மாத்திரை போட்டியா" என்று கேட்கும் தன்னார்வலர் இருந்தாலே பாதி பேர் தொடர்வார்கள் என்பது என் அனுபவம். ஆய்வு கையில் இல்லை, அனுபவம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் போனை நீங்களே செய்யலாம்.

வருமானச் சான்றுக்கு நாளைக்கே விண்ணப்பித்துவிடுங்கள், அது வர நாளாகும். முதல் கீமோ அன்று மருந்து ஏறுகிற அந்த நாலைந்து மணி நேரத்தில் நீங்கள் போய்ச் சமூகப் பணியாளரைப் பாருங்கள். குணமாகி வந்து மற்றவர்களைப் பார்க்கும் பெண்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேளுங்கள், அக்கா வயதில், கிராமத்திலிருந்து வந்தவராக இருந்தால் இன்னும் நல்லது. அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், திடீரென்று கொண்டுவந்து நிறுத்த வேண்டாம். "உனக்கு ஆன மாதிரியே ஆபரேஷன் ஆன ஒரு அக்கா இருக்காங்க, வந்து பாக்கவானு கேக்கறாங்க" என்றால் போதும். வேண்டாம் என்றால் விட்டுவிட்டு, இரண்டு கீமோ கழித்து இன்னொரு தடவை கேளுங்கள். கண்ணாடி மேல் இருக்கும் துண்டை மட்டும் நீங்களாக எடுத்துவிடாதீர்கள், அங்கேயே இருக்கட்டும்.